ஐந்து மீட்டர்

என் பதவியின் பெயர் பாதுகாப்பு அலுவலர்,
அடைப்புக்குறிக்குள் நிறுவனம் சாராப் பராமரிப்பு.
பஸ்ஸில் யாராவது கேட்டால்
குழந்தைங்க ஆபீஸ் என்பேன்.
ஒருவர் கேட்டார், அப்ப போலியோ சொட்டு எப்போ?

ஊட்டியிலிருந்து கூடலூர், பந்தலூர்,
கொளப்பள்ளிக்கு மேலே ஜீப்.
தேயிலைக் கழக லைன் வீடுகள்.
ஏழாவது கதவு பெருமாயியுடையது.
எட்டாவதில் பூட்டு, பூட்டின்மேல் பாசி.
எட்டாவது வீட்டுப் பிள்ளைகள்
ஏழாவதில் சாப்பிட்டு எட்டு மாதம்.

சட்டத்தில் நிறைய வீடுகள் இருக்கின்றன.
குழந்தைகள் இல்லம், திறந்த இல்லம்,
கூர்நோக்கு இல்லம், அது வேறு கணக்கு,
வளர்ப்புக் குடும்பம், குழு வளர்ப்பு,
தகுதியான இடம், தகுதியான நபர்.
பக்கத்து வீடு என்று ஒன்று இல்லை.

உறவா என்றேன்.
சித்தி மாதிரி என்றாள் பெருமாயி.
மாதிரிக்குக் கட்டம் இல்லை.
எங்க ஆளுங்களும் அவங்க ஆளுங்களும்
தலைமன்னார்ல ஒரே கப்பல் ஏறுனவங்க என்றாள்.
எழுதிக்கொள்வதுபோல் தலையசைத்தேன்.

டேப்பை இழுத்தேன்.
முனையைச் சின்னவன் பிடித்துக்கொண்டான்,
கவிஷன், வயது ஐந்து.
முன்னறை மூன்று மீட்டர் சொச்சம்.
அடுப்படி அதில் பாதி.
கழிப்பறை?
இருக்கு, ராத்திரியில யானை பாத்துப் போகணும்.
குழந்தைக்குத் தனிப் படுக்கை உண்டா?
மூலையில் சுருட்டியிருந்த ஒற்றைக் கம்பளியைப் பார்த்தாள்.
இந்தக் குளிர்ல யாரு தனியாப் படுப்பா?
உண்டு என்று எழுதினேன்.

தினுஷா, ஏழாம் வகுப்பு,
எதிரே நின்று படிவத்தைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள்.
அவள் கண் எந்த வரியில் நின்றதென்று தெரிந்தது.
அனாதை, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட.
பொருந்துவதை டிக் செய்க.

"கைவிடப்பட்ட போடாதீங்க மேடம்.
அம்மா திருப்பூர்லதான் இருக்கு.
ஃபோன்தான் சுவிட்ச் ஆஃப்."

போட்டால் கோப்பு நகரும் என்றேன்.
பேப்பரில் விளம்பரம் வரும்,
உங்க ரெண்டு பேர் படத்தோட,
சொந்தக்காரங்க இருந்தா வரச் சொல்லி.

"படமா?
வேணாம்.
அம்மா பாத்தா, நாங்க காணாமப் போயிட்டோம்னு
நெனச்சுக்கும்."

பதினோரு வருடமாகக் குழுவின் முன்னால் உட்காருகிறேன்.
எந்த வக்கீலும் இப்படி ஓர் ஆட்சேபம் சொன்னதில்லை.

மூன்றையும் விட்டுவிட்டேன்.
'பிற' என்றிருந்த இடத்தில் பென்சிலால்,
தாய் வேலைக்குச் சென்றுள்ளார்.
பென்சில் செல்லாது. தெரியும்.

வேறு வழி என்னவென்றால்
சின்னவனுக்கு குன்னூர்ப் பக்கம் பையன்கள் இல்லம்,
இவளுக்கு கோத்தகிரியில் பெண்கள் இல்லம்,
நடுவில் ஒரு மலை.
உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது.
முடிந்தவரை என்ற சொல்லும் இருக்கிறது.

குழந்தையின் விருப்பம், ஒரு வரி.
பேனாவை வாங்கி அவளே எழுதினாள்.
தம்பிக்கு சளி. வெந்நீர் வேணும்.

செவ்வாய்க்கிழமை குழு கூடியது.
தலைவி பென்சில் எழுத்தைக் கண்ணாடி இறக்கிப் படித்தார்,
என்னைப் பார்த்தார், வெளியே மழையைப் பார்த்தார்.
இடைக்கால ஏற்பாடு, அடுத்த அமர்வு வரை.
பெருமாயி இனி தகுதியான நபர்.

ஃபோனில் சொன்னேன்.
சிக்னல் விட்டு விட்டு வந்தது.
"அப்ப இத்தன நாளா நான் என்னவா இருந்தேன்?"

பதில் தேடுவதற்குள் தினுஷா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.
மேடம், டேப்ப இங்கயே விட்டுட்டுப் போயிட்டீங்க.
தம்பி எல்லாத்தையும் அளந்துட்டான்.
பூனை, சட்டி, பெருமாயிம்மா ஜடை.
இப்ப வாசல்லருந்து
பஸ் நிக்கிற இடம் வரைக்கும் இழுத்துட்டிருக்கான்.
பத்த மாட்டேங்குது,
இன்னொண்ணு கொண்டு வருவீங்களாங்கிறான்.